படைப்புக்கு முன்னால் வீடே சேர்ந்து படிக்க எந்த நாவல்?

இந்த வருசம் படைப்புக்கு, அதாவது நகரத்தார் வீடுகளில் பங்காளிகள் கூடி முன்னோர்களுக்குப் படைத்துக் கும்பிடுகிற நாளுக்கு, ஊருக்கு வருகிற பங்காளிகள் எல்லாரும் ஒரே நாவலைப் படித்துவிட்டு வரவேண்டும், படைப்பு முடிந்த மறுநாள் காலையில் வளவில் (வீட்டின் நடு முற்றத்தைச் சுற்றிய இடத்தில்) உட்கார்ந்து அதைப் பற்றிப் பேச வேண்டும் என்று எங்கள் வீட்டில் பேசி வைத்திருக்கிறோம். எந்த நாவல் என்பதை என் பொறுப்பில் விட்டுவிட்டார்கள். ஆறு நாவல்களை எடுத்து வைத்திருக்கிறேன். எல்லாமே சமீபத்தில் படித்தவை, சிலவற்றை இரண்டாம் முறையாக. ஒவ்வொன்றும் எனக்கு எப்படி இருந்தது என்று சொல்லி, பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண்ணும் போட்டு, கடைசியில் எதை எடுக்கிறேன் என்று சொல்கிறேன். அதிக மதிப்பெண் வாங்கியதைத்தான் எடுப்பேன் என்று நினைத்துக்கொண்டு படிக்க வேண்டாம். தனியாக உட்கார்ந்து படிக்கும்போது ஒரு நாவல் எனக்கு எவ்வளவு பிடித்தது என்பது ஒரு கேள்வி, எண்பது தாண்டிய அப்பத்தாவிலிருந்து கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் வரை ஒரு வீடே சேர்ந்து படிக்க எது தோதுப்படும் என்பது வேறு கேள்வி.

யார் யார் படிக்கப் போகிறார்கள் என்று சொன்னால்தான் நான் எதை வைத்து முடிவு எடுக்கிறேன் என்பது புரியும். அப்பத்தாவுக்குப் படிப்பதில் ஆசை உண்டு, கண்தான் ஒத்துழைப்பதில்லை. பூதக்கண்ணாடியை வரியின் மேல் நகர்த்திக்கொண்டே ஒரு பக்கம் படிப்பார், அதற்கு மேல் யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். பெரியப்பாவுக்குச் சரித்திரம் என்றால் சாப்பாடு வேண்டாம். அண்ணமிண்டிக்கு (அண்ணன் மனைவிக்கு) தேவகோட்டையில் வங்கி வேலை, காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் போக வரத்தான் படிக்க நேரம், அதனால் கைப்பையில் அடங்காத புத்தகம் அவருக்கு ஆகாது. கோலாலம்பூர் சித்தப்பா வீட்டுப் பிள்ளைகள் தமிழ் நன்றாகப் பேசுவார்கள், படிப்பது மெதுவாகத்தான். இது போக, எங்கள் பெரிய வீட்டைப் பற்றி ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டில் ஓடு சரிந்து மழைத்தண்ணீர் உள்ளே இறங்குகிறது, பழுது பார்க்க எல்லாப் புள்ளிகளும், அதாவது வீட்டில் பங்குள்ள குடும்பங்கள் எல்லாம், சேர்ந்து பணம் போட வேண்டும், சிலர் போடலாம் என்கிறார்கள், சிலர் தூணையும் கதவையும் விலைக்குக் கேட்கிறவர்களிடம் கொடுத்துவிட்டு ஆளுக்குப் பங்கு எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். படைப்புக்குக் கூடும்போது இந்தப் பேச்சு எப்படியும் வரும். அதற்கு முந்தின நாட்களில் எல்லார் மனசிலும் எந்தக் கதை ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதையும் நான் யோசித்தாக வேண்டும்.

முதலில் சீக்கிரம் சொல்லி முடிக்கக்கூடிய இரண்டு.

கண்ணதாசனின் ‘சேரமான் காதலி’யை எடுக்கச் சொன்னவர் பெரியப்பா. நம்ம ஊர்ப் பக்கத்துக் கவிஞர், சிறுகூடல்பட்டியில் பிறந்தவர், 1980இல் இந்த நாவலுக்குத்தான் சாகித்திய அகாதமி கொடுத்தார்கள், இதைவிட என்ன வேண்டும் என்பது அவர் கட்சி. கண்ணதாசன் பாட்டு ஒன்று கேட்டாலே எனக்குக் கண் கலங்கிவிடும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் நாவலாகப் படிக்கும்போது சேர மன்னர்களின் அரண்மனையும் காதலும் எனக்குள் எதையும் அசைக்கவில்லை. நடை இனிமையாக ஓடுகிறது, பாத்திரங்கள் மட்டும் எட்டத்திலேயே நின்றுவிடுகிறார்கள். பத்துக்கு ஐந்தரை. பெரியப்பா கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

அடுத்தது மு. ராஜேந்திரனின் ‘காலா பாணி’. 2022இல் சாகித்திய அகாதமி விருது வாங்கியது. அவர் முன்னால் எழுதிய ‘1801’ நாவலின் தொடர்ச்சி என்று சொல்லலாம். இதில் பேசப்படுவது நம்ம மண்ணின் சரித்திரம்தான். 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள், அடுத்த வருசமே சிவகங்கை மன்னர் வேங்கை பெரிய உடையணத் தேவரையும் அவரோடு எழுபதுக்கும் மேற்பட்டவர்களையும் கப்பலில் ஏற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமி என்ற சிறு பையனும் அதில் ஒருவன். காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் பஸ்ஸில் போகிற ஒவ்வொருவரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நான் மனதாரச் சொல்வேன். எனக்குத் தகவலாக மிகவும் பிடித்தது. நாவலாகக் கேட்டால், ஆவணங்கள் பேசுகிற அளவுக்கு ஆட்கள் பேசவில்லை என்றுதான் பட்டது. கப்பலின் அடித்தளத்தில் சங்கிலியோடு கிடக்கிற ஒருவனின் மனசுக்குள் இன்னும் கொஞ்ச நேரம் நம்மை உட்கார வைத்திருக்கலாம் என்ற ஏக்கம் பல இடங்களில் வந்தது. ஆறரை. பெரியப்பாவுக்குத் தனியாக ஒரு பிரதி வாங்கிக் கொடுத்துவிடுவேன், வீட்டுக்கே சேர்த்து வேண்டாம், தடிமனும் அதிகம்.

இனி ப. சிங்காரம். இவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டுக்கு நாவல் என்றதும் இளசுகள் எல்லாரும் சொல்லி வைத்தது போல ‘புயலிலே ஒரு தோணி’ என்றார்கள், அவர்கள் சொன்னதில் நியாயமும் இருக்கிறது. சிங்காரம் 1920இல் சிங்கம்புணரியில் பிறந்தவர், அதாவது பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர் எல்லாம் தாண்டிப் போனால் அவர் ஊர். இள வயதிலேயே சுமத்ராவில் மெடானுக்கு வேலைக்குப் போனார், யுத்தம் முடிந்து ஊர் திரும்பினார், மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தார். வாழ்நாளில் எழுதியது இரண்டே நாவல், இரண்டும் கடலுக்கு அந்தப் பக்கத்துக் கதை.

‘புயலிலே ஒரு தோணி’ 1972இல் புத்தகமாக வந்தது. ஜப்பான்காரன் மெடானுக்குள் நுழைகிற நாளில் தொடங்குகிறது, பாண்டியன் என்ற இளைஞனின் பின்னாலேயே பினாங்கு, சிங்கப்பூர், நேதாஜியின் படை, பிறகு இந்தோனேசியாவில் டச்சுக்காரனுக்கு எதிரான கொரில்லாச் சண்டை என்று போகிறது. கதை என்று சொன்னால் இவ்வளவுதான். படிக்கும்போது நடப்பது வேறு. ஒரு பக்கத்தில் மெடான் தெருவின் கடைகளும் சந்தடியும் அப்படியே கண் முன் நிற்கும், அடுத்த பக்கத்தில் பாண்டியனின் நினைவு மதுரைத் தெருவுக்கும் சின்னமங்கலத்துச் சந்தைக்கும் ஓடிவிடும், அதற்கடுத்து சங்கப் பாட்டிலும் சிலம்பிலும் கை வைத்து, தமிழன் தன்னைப் பற்றிக் கட்டி வைத்திருக்கிற பெருமைகளை ஒவ்வொன்றாக உலுக்கிப் பார்ப்பார். சுமத்ராவிலிருந்து பினாங்குக்குத் தொங்கான் என்கிற பாய்மரக் கப்பலில் போகும்போது புயலில் மாட்டிக்கொள்கிற பகுதியை ஒரு நாள் சாயங்காலம் நான் வாய்விட்டு வாசித்தேன். பிள்ளைகள் கையில் இருந்த போனைத் தானாகவே கீழே வைத்துவிட்டார்கள், அப்பத்தா “நிறுத்தாதே, அவன் கரை சேந்தானா” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வாக்கியங்கள் சிறுத்து, உடைந்து, ஒன்றன் மேல் ஒன்றாக வந்து விழும், வாசிக்கிறவருக்கே மூச்சு முட்டும். தமிழில் கடலை இப்படி எழுதிய வேறொன்றை நான் படித்ததில்லை. ஒன்பதரை. அரை மதிப்பெண் ஏன் குறைத்தேன் என்றால், பெண்கள். அவ்வளவு பெரிய உலகத்தில், அத்தனை துறைமுகங்களில், நின்று பேசி நம் மனசில் தங்குகிற ஒரு பெண் எனக்குக் கிடைக்கவில்லை.

வீட்டுக்குச் சேர்த்துப் படிக்க இது சரிப்படுமா என்றால், இங்கேதான் தயங்குகிறேன். கால வரிசை முன்னும் பின்னும் போகும், மலாய்ச் சொல் வரும், சீனப் பெயர் வரும், பழந்தமிழ்ப் பாட்டின் வரி பாதியில் வந்து நிற்கும். பழகிய வாசகருக்கு அது விருந்து. கோலாலம்பூர்ப் பிள்ளைகளுக்கு மலாய் புரியும், பழந்தமிழ் புரியாது. அப்பத்தாவுக்கு அப்படியே தலைகீழ். புயல் பகுதியை எல்லாரும் ரசிப்பார்கள், பாண்டியன் தனக்குள்ளேயே பேசிக்கொண்டு போகிற இடங்களில் பாதிப்பேர் புத்தகத்தை மூடி வைத்துவிடுவார்கள். மூடி வைத்துவிட்டால் இந்த நாவலை அவர்கள் திரும்பத் திறக்கவே மாட்டார்கள், அது எனக்குத் தாங்காது. நன்றாக நாலு நாவல் படித்துப் பழகிய பிறகு தனியாக, இரவில், அவசரம் இல்லாமல் படிக்க வேண்டிய புத்தகம் இது.

அதற்குப் பதிலாக அவருடைய முதல் நாவல் ‘கடலுக்கு அப்பால்’ எப்படி? 1959இல் வந்தது, கலைமகள் போட்டியில் பரிசு வாங்கியது, அளவில் சிறியது, நேர்கோட்டில் போகிற கதை. பினாங்கில் வட்டிக்கடை, முதலாளி வானா யீனா என்கிற வயிரமுத்துப் பிள்ளை, அவர் மகள் மரகதம், கடையில் வேலை பார்த்துவிட்டு யுத்த காலத்தில் நேதாஜி படைக்குப் போய்த் திரும்புகிற செல்லையா. பையனும் பெண்ணும் ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள், துப்பாக்கி பிடித்த கை பேரேடு எழுத லாயக்கில்லை என்பது முதலாளியின் பயம். அடங்கி நடக்கிற, கணக்குப் பிசகாத, தன் சொல்லுக்குக் கட்டுப்பட்ட மாப்பிள்ளைதான் அவருக்கு வேண்டும்.

நகரத்தார் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த நாவல் ஒரு தனிச் சுகம். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று கடை ஆட்களின் வரிசை, கடைகள் இருக்கிற கிட்டங்கி, கடைப் பெயரான விலாசத்தின் முதலெழுத்தைச் சொல்லி முதலாளியைக் குறிப்பிடுகிற வழக்கம், இதெல்லாம் ஐயா காலத்தில் எங்கள் முகப்பிலேயே புழங்கிய பேச்சு. மூன்று வருசக் கணக்குக்குக் கப்பல் ஏறி, கணக்கு முடித்து ஊர் வந்து, கொஞ்ச காலம் இருந்துவிட்டு மறுபடி கப்பல் ஏறுகிற அந்த வாழ்க்கையை உள்ளே இருந்து பார்த்தவர் எழுதியது என்பது வரிக்கு வரி தெரிகிறது. பெருமைக்காகவும் எழுதவில்லை, தூற்றுவதற்காகவும் எழுதவில்லை. எங்கள் வீட்டில் பர்மாவைப் பற்றிப் பேசினால் தேக்குத் தூணைப் பற்றித்தான் பேசுவோம். 1930களின் விலை வீழ்ச்சியில் கடனைக் கட்ட முடியாத குடியானவர்களின் வயல்கள் கைமாறி, கீழ் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் பெயரில் வந்து சேர்ந்ததைப் பற்றிப் பேச மாட்டோம். சிங்காரத்தின் நாவல் பினாங்குக் கதைதான், நிலத்தைப் பற்றியதும் இல்லை, ஆனாலும் வட்டிக்கடை ஒரு மனுசனின் மனசை என்ன செய்கிறது, பாசத்தைக்கூட எப்படிக் கணக்காகப் பார்க்க வைக்கிறது என்று காட்டுகிறது. வானா யீனாவை வெறுக்க முடியவில்லை. அவர் பயம் எனக்குப் புரிகிறது, நான் பார்த்து வளர்ந்த பெரியவர்களின் பயம் அது.

ஏழரை போடுவேன். மரகதம் நல்ல பெண், பாவமான பெண், ஆனால் அவள் என்ன நினைக்கிறாள் என்பதைவிட அவளைப் பற்றி மற்றவர்கள் என்ன முடிவு செய்கிறார்கள் என்பதுதான் கதை. முடிவு மனசைப் பிசைகிறது என்றாலும் அந்தப் பிசைவு முழுக்க செல்லையாவின் பக்கம்தான். கொஞ்ச காலமாக என் முதல் தேர்வு இதுவாகத்தான் இருந்தது, அப்பத்தா முதல் கோலாலம்பூர் வரை யாருக்கும் கஷ்டம் இல்லை என்று. அப்புறம் மற்ற இரண்டையும் படித்தேன்.

தோப்பில் முகமது மீரானின் ‘சாய்வு நாற்காலி’. 1997இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்தவர், திருநெல்வேலியில் மிளகாய் வத்தல் வியாபாரம் செய்துகொண்டே எழுதியவர். தென்பத்தன் என்ற கடலோர ஊரில் ஒரு பழைய பெரிய வீடு, அதில் சாய்வு நாற்காலியில் சாய்ந்தபடியே காலத்தைக் கழிக்கிற முஸ்தபாக்கண்ணு. முன்னோர்களின் வீரத்தையும் செல்வாக்கையும் சொல்லிக்கொண்டே, வேலை எதுவும் செய்யாமல், வாய்க்கு ருசியாகச் சாப்பிட வேண்டும் என்பதற்காக வீட்டின் மரச்சாமான்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்கிற மனுசன். வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அந்தச் சுவர்களுக்குள் படுகிற பாடு கதை முழுக்க ஓடுகிறது.

இதைப் படித்தபோது எனக்கு நம்ம காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருதான் ஞாபகம் வந்தது. பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கிற தெரு. எந்தெந்த ஊர் வீட்டிலிருந்தோ வந்த தூண்கள் சாய்த்து வைத்திருக்கும், எனாமல் தூக்குகள் அடுக்கி இருக்கும், ரசம் போன பெல்ஜியம் கண்ணாடி, ரவிவர்மா படம், மேல்மாடிக் கம்பி, எல்லாம் கிடக்கும். ஒரு கடையில் நிலையோடு பெயர்த்து வந்த இரட்டைக் கதவு ஒன்றைப் பார்த்தேன். முன்பக்கம் கஜலட்சுமி, கொடி, கிளி என்று கை வைக்க இடம் இல்லாமல் வேலைப்பாடு. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் வழவழப்பான வெறும் பலகை, அதில் ஒரு ஓரத்தில் பென்சிலால் பால் கணக்கு எழுதியிருந்தது, கோடு கோடாகப் போட்டு, ஐந்தாவது கோட்டைக் குறுக்கே இழுத்து, பக்கத்தில் ஏதோ ஒரு மாதத்தின் பெயர் பாதி அழிந்து. இரண்டாம் கட்டுக் கதவாக இருந்திருக்க வேண்டும். விலை கேட்டவர்கள் எல்லாரும் முன்பக்கத்தைத்தான் தடவிப் பார்த்தார்கள்.

முஸ்தபாக்கண்ணு விற்பதும் இதைத்தான். அவன் ஊர் வேறு, மதம் வேறு, பேச்சு வேறு, ஆனால் அந்த வீடு எங்கள் வீடு. ஒரு தலைமுறை சம்பாதித்து, அடுத்தது அனுபவித்து, அதற்கடுத்தது சொல்லிச் சொல்லிச் சந்தோசப்பட்டு, கடைசியில் வருகிறவர்கள் கதவைக் கழற்றுவது. ஒன்பது. நாவலாசிரியர் அந்த மனுசனை எந்த இடத்திலும் காப்பாற்ற முயலவில்லை, அதே சமயம் அவன் மேல் கல்லெறியவும் இல்லை. ஒரு சாப்பாட்டு ஆசையைக்கூட இவ்வளவு பயங்கரமாக எழுத முடியுமா என்று பல இடத்தில் திகைத்தேன்.

வீட்டில் ஒரு தம்பி இதைத்தான் எடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறான். வீட்டை விற்கலாம் என்கிறவர்களுக்கு உறைக்கட்டும் என்பது அவன் வாதம். எனக்கு அந்த வாதம் பிடிக்கவில்லை. ஒரு நாவலை யாரையாவது குத்திக்காட்டக் கையில் எடுத்தால், படிக்கிறவர்கள் முதல் பக்கத்திலேயே தங்களைக் காத்துக்கொள்ள ஆரம்பித்துவிடுவார்கள், கதை உள்ளே போகாது. வீட்டைக் கொடுத்துவிடலாம் என்கிறவர்களிலும் உண்மையிலேயே பணக் கஷ்டத்தில் இருக்கிறவர்கள் உண்டு, அவர்களை முஸ்தபாக்கண்ணு என்று நினைப்பது அநியாயம். இன்னொன்று, பெண்கள் மேல் விழுகிற அடி. அப்பத்தாவுக்கு முன்னால் அதை வாய்விட்டு வாசிக்க எனக்கு மனசு வராது. மலையாளமும் அரபுச் சொற்களும் கலந்த அந்த ஊர்ப் பேச்சு முதல் ஐம்பது பக்கம் எனக்கே தட்டியது, அப்புறம் பழகி, பழகிய பிறகு விட மனசு வரவில்லை. மெதுவாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு அந்த ஐம்பது பக்கமே சுவராகிவிடும்.

கடைசியாக ஹெப்ஸிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’. 1964இல் வந்தது. திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியையாக இருந்தவர், பின்னாளில் தமிழ் இலக்கிய வரலாற்றை ஆங்கிலத்தில் நான்கு தொகுதியாக எழுதியவர். இந்த நாவல் ரொம்பச் சிறியது. குமரி மாவட்டத்துப் பனைவிளை என்ற ஊர், பனையேற்றை நம்பிய வாழ்க்கை, கிறிஸ்தவக் குடும்பம், பேரில் மட்டும் புதுசாக இருக்கிற ஒரு பழைய வீடு. செழிப்பு போய்விட்டது, கௌரவம் மட்டும் மிச்சம் இருக்கிறது. கண்ணப்பச்சி என்கிற தாத்தா, உதவாத அப்பன், இவர்களுக்கு நடுவில் லிஸி. நன்றாகப் படிக்கிற சின்னப் பெண், வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தை நிறுத்தி வீட்டுக்குள் வைத்துவிடுகிறார்கள். பனையேறுகிற குடும்பத்துப் பையன் தங்கராஜ் மேல் அவளுக்கு ஏற்படுகிற அன்பும் அந்த வீட்டின் கௌரவமும் மோதிக்கொள்கின்றன. மிச்சத்தைச் சொல்லப் போவதில்லை, படைப்புக்கு வருகிறவர்கள் இதைப் படிப்பார்கள்.

ஆமாம், நான் எடுப்பது இதைத்தான். மதிப்பெண் எட்டரை. புயலிலே ஒரு தோணியைவிட ஒன்று குறைவு, சாய்வு நாற்காலியைவிட அரை குறைவு. கடைசிப் பகுதியில் கதை கொஞ்சம் வேகமாக ஓடி, முடிச்சுகள் சீக்கிரம் அவிழ்கின்றன என்று எனக்குத் தோன்றியது, அதற்குத்தான் குறைத்தேன். அதற்கு முந்திய பகுதி முழுக்க, லிஸி அந்த வீட்டுக்குள் சும்மா இருக்கிறாளே, அந்தச் சும்மா இருப்பதை எழுதியிருக்கிற விதம் எனக்குப் பெரிய விஷயம். பெரிய சம்பவம் எதுவும் நடக்காத வருசங்கள். வெளியே போகக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போவதுதான் வெளியுலகம், வீட்டுக்கு வருகிறவர்களின் பேச்சை வைத்துத்தான் ஊரில் நடப்பது தெரியும். ஆசிரியை இதைப் பார்த்து அழவும் இல்லை, கோசமும் போடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரலில், சிரிப்பும் கரிசனமும் கலந்து சொல்லிக்கொண்டு போகிறார், நமக்குத்தான் உள்ளே என்னவோ செய்கிறது.

ஏன் இது எங்கள் வீட்டுக்கு என்று சொல்கிறேன். கப்பல் ஏறிப் போனவர்கள் கதை எங்களுக்குத் தெரியும். எந்த ஐயா எந்த ஊரில் கடை வைத்தார், யார் 1942இல் ரங்கூனிலிருந்து எப்படி வந்து சேர்ந்தார், இதெல்லாம் படைப்புக்குப் படைப்பு சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். அந்தக் கதைகளுக்குச் சிங்காரம் போன்ற பெரிய எழுத்தாளரும் கிடைத்தார். ஆனால் அந்த மூன்று மூன்று வருசமும் வீட்டுக்குள் இருந்தவர்கள்? கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் புருசன் கப்பல் ஏறிவிட, இரண்டாம் கட்டில் தன் புள்ளிக்கென்று ஒரு அறை, தனி அடுப்பு, மாமியார், ஓரகத்திகள், அப்படியே வயசாகிப் போன ஆச்சிகளின் கதையை நாங்கள் ஒரு நாளும் உட்கார்ந்து பேசியதில்லை. சடங்கானதும் பள்ளிக்கூடம் நின்றவர்தான் எங்கள் அப்பத்தாவும். அவருக்கு லிஸி வீட்டுக்குள் நிறுத்தப்படுகிற அத்தியாயம் வரை வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், “எனக்குக் கணக்கு நல்லா வரும். வாத்தியார் வீட்டுக்கு வந்து எங்க அப்பச்சிகிட்டக் கேட்டாரு, இன்னும் ரெண்டு வருசம் விடுங்கன்னு. விடலை” என்றார். அம்மாவே இதை இதற்கு முன் கேட்டதில்லை.

இதுதான் எனக்கு முடிவாகிப் போன இடம். இன்னொரு கேள்வியும் கேட்டேன், வீட்டை என்ன செய்யலாம் என்று இல்லை, வீட்டில் எந்த இடம் பிடிக்கும் என்று மட்டும். முகப்பு இல்லை, பட்டாலை என்கிற கூடமும் இல்லை, நெல் அவிக்கிற பின்கட்டு வாசலைச் சொன்னார், அங்கே நின்றால்தான் வானம் முழுசாகத் தெரியும் என்று. ஓடு போடலாமா, தூணைக் கொடுத்துவிடலாமா என்று பேசுகிறவர்கள் எல்லாரும் ஆண்கள், பேசுவது எல்லாம் முகப்பைப் பற்றி. பின்கட்டில் வாழ்ந்தவர்கள் அந்த வீட்டை எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஒரு தடவை கேட்டுவிட்டு அப்புறம் முடிவு எடுக்கட்டும். அதற்குப் பிறகு விற்றாலும் சரி, வைத்துக்கொண்டாலும் சரி. அந்தக் கேள்வியை யாரையும் குத்தாமல் கேட்க வைக்கிற நாவல் இந்த ஆறில் இது ஒன்றுதான்.

எதிர்ப்பு வரும் என்று தெரியும். பெரியப்பா, அது நம்ம கதை இல்லையே, பனங்காட்டுக் கதையாயிற்றே என்பார். நம்ம கதை என்று வெளிப்படையாகத் தெரிகிற ‘கடலுக்கு அப்பா’லைவிட இதில்தான் எங்கள் வீட்டின் பாதிப்பேர் இருக்கிறார்கள் என்று சொல்வேன். அந்தஸ்தை மீறிய காதல் வருகிறதே, பெரியவர்கள் முகம் சுளிப்பார்களே என்று அண்ணமிண்டி கவலைப்பட்டார். அதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பெரியவர்கள் தொலைக்காட்சித் தொடரில் தினமும் பார்ப்பதைவிட நூறு மடங்கு கண்ணியமாக எழுதப்பட்ட காதல் இது, முகம் சுளித்தாலும் ஏன் சுளிக்கிறோம் என்று பேசத்தானே உட்காரப் போகிறோம். குமரிப் பக்கத்துப் பேச்சு வழக்கு நிறைய வரும், ஆனால் ‘சாய்வு நாற்காலி’ அளவுக்குத் தட்டாது, வாய்விட்டு வாசித்தால் அர்த்தம் தானே விளங்கிவிடுகிறது. தமிழ் படிக்கத் திணறுகிற பிள்ளைகளுக்கு ‘லிஸிஸ் லெகசி’ என்று ஆங்கில மொழிபெயர்ப்பும் இருக்கிறது, ஆனால் முதலில் தமிழில் ஒரு அத்தியாயமாவது முயன்று பார்க்க வேண்டும் என்பது என் நிபந்தனை.

தோணி என்று கொடி பிடித்த இளசுகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கட்சிதான் எனக்கும், என் அலமாரியில் கைக்கெட்டும் தட்டில் இருப்பது அந்தப் புத்தகம்தான். வளவில் பேச்சு முடிந்த சாயங்காலம், வெயில் தாழ்ந்ததும், தொங்கான் புயலில் மாட்டுகிற பகுதியை மட்டும் நானே எல்லாருக்கும் வாசித்துக் காட்டுகிறேன். யாருக்காவது மிச்சத்தைப் படிக்கத் தோன்றினால் அவர்களுக்கு நானே வாங்கித் தருகிறேன். அடுத்த வருசம் இதே ஏற்பாடு தொடர்ந்தால் ‘சாய்வு நாற்காலி’யை எடுக்கலாம், வீட்டு விஷயம் அதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருக்கும், யாரையும் சொல்வதாக யாருக்கும் தோன்றாது.

புத்தம் வீட்டுக்குப் பிரதிகள் இந்த வாரமே சொல்லிவிடப் போகிறேன், ஒரு அடுப்புக்கு ஒன்று என்ற கணக்கில். அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்ட முறை போட்டுக்கொள்ள வேண்டும், சனி ஞாயிறு நான் பார்த்துக்கொள்கிறேன், மற்ற நாட்களுக்கு ஆள் வேண்டும். வாசிக்கிறவர்கள் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் நிறுத்தச் சொல்லி அப்பத்தா எதையாவது சொன்னால் அதை அப்படியே எழுதிவிடுங்கள்.